மூன்று அங்குலக் குழாயும் முகூர்த்த வேளையும்

சத்தம் போடுகிற வாகனத்தை ஓட்டித் திரிகிற ஆண்களைப் பற்றி எனக்கு ஓர் உண்மை தெரியும். அவர்கள் சொல்வதை வீட்டில் ஒருவரும் கேட்பதில்லை. அந்தக் குறையைத் தெருவில் தீர்த்துக்கொள்கிறார்கள். நான் இதை எங்கேயும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சில மாதம் அவர்களில் ஒருவனாக இருந்திருக்கிறேன்.

அப்போது எனக்கு வயது நாற்பத்திரண்டு. (இருபத்திரண்டாக இருந்திருந்தால் வயதுக் கோளாறு என்று சொல்லித் தப்பியிருக்கலாம். அந்த வசதியும் இல்லை.) ஒஸ்லோவில் ஓர் அலுவலகத்தில், வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட விரும்புகிறவர்களின் விண்ணப்பங்களைச் சரிபார்த்து, ஒரு கையெழுத்துக் குறைகிறது என்று திருப்பி அனுப்புவது என் வேலை. நான் தூக்கிய மிகப் பெரிய பாரம் அந்தக் கோப்புகள்தான். இப்படிப்பட்டவன், பியோர்ண்டாலில் அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு, ஒரு பிக்அப் வாங்கினேன். பழைய டீசல். ஹாமார் பக்கத்து விவசாயி ஒருவர் விற்றார். பின்தட்டில் அவருடைய வைக்கோல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நான் கழுவவில்லை. உழைப்பாளியின் வண்டி மாதிரித் தெரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

"எதுக்கப்பா உது?" என்று கேட்டாள் என் மனைவி சுகந்தி.

"சாமான் ஏத்தலாம்."

"என்ன சாமான்?"

இன்றுவரை அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒருமுறை ஒரு மெத்தை ஏற்றினேன். அதுவும் பக்கத்து வீட்டுக்காரருடையது. மற்றபடி வெண்டிக்காயும் பாலும்தான் அந்தப் பின்தட்டில் அங்குமிங்கும் உருண்டு வீடு வந்து சேர்ந்தன.

இரண்டாவது குளிர்காலம் முடிய, வீதியில் கொட்டுகிற உப்பு தன் வேலையைக் காட்டியது. சைலன்சர் உக்கி, அடியில் ஓட்டை விழுந்துவிட்டது. ஹவுகெட்டோவில் சின்ன வேலைத்தளம் வைத்திருந்த ஓட் என்ற நோர்வே மனிதரிடம் கொண்டுபோனேன். வண்டியை உயர்த்தி, டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "இதே மாதிரிப் புதியது நாளை வரும். மத்தியானம் எடுத்துக்கொண்டு போகலாம்."

விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். மூளையுள்ளவன் "சரி" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறி வீட்டுக்குப் போயிருப்பான். நான், "யோசித்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன்.

யோசனையைக் கெடுத்தவர் கார்த்திக். என்னோடு வேலை செய்பவர், கோயம்புத்தூர்க்காரர். "அண்ணா, கம்பெனி சைலன்சரா? அதுக்கு எதுக்கு பிக்அப்பு? சவுண்டுதாண்ணா வண்டிக்குக் கெத்து. நீங்க வர்றது நாலு தெருவுக்கு முன்னாடியே தெரியணும்" என்றார். இதைச் சொன்னவர் ஓட்டியது மின்சாரக் கார். புகைக்குழாயே இல்லாத கார். அவருடைய வண்டி வந்தால் பூனைகூடத் திரும்பிப் பார்க்காது. வேறு விஷயத்தில் இப்படி ஒருவர் ஆலோசனை சொன்னால் நாம் சிரித்திருப்போம். நான் குறிப்பெடுத்தேன்.

அதன்பிறகு இரண்டு கிழமை, மற்றவர்களுடைய புகைக்குழாய்களைக் காதில் ஒலிபெருக்கி... இல்லை, ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டேன். (அந்தச் சத்தங்களால் என் சொல்வளமும் கெட்டுவிட்டது.) இணையத்தில் இதற்கென்றே ஓர் உலகம் இருக்கிறது. வளர்ந்த ஆண்கள் தங்கள் வண்டியின் பின்னால் மைக்கை வைத்துவிட்டு, முன்னால் போய் மிதித்துவிட்டு வந்து, அதைப் பதிவேற்றுகிறார்கள். மற்ற வளர்ந்த ஆண்கள் கீழே அபிப்பிராயம் எழுதுகிறார்கள். "அடிவயிற்றிலிருந்து வருகிறது." "உறுமுகிறது, ஆனால் அலறவில்லை." இரண்டரை அங்குலக் குழாயா, மூன்று அங்குலக் குழாயா என்று அவர்கள் அடித்துக்கொண்ட அடியில், சைவமா வைணவமா என்பதெல்லாம் சின்ன விஷயமாகத் தெரிந்தது. ஸ்வீடனிலிருந்து ஒருவர் இரண்டரை போதும் என்று எழுதினார். அவர் ஆண்தானா என்று ஏழு பேர் கேட்டிருந்தார்கள். நான் எட்டாவது.

கடைசியில் முடிவெடுத்தேன். துருப்பிடிக்காத எஃகு. மூன்று அங்குலம். நடுவில் சைலன்சர் இல்லாமல் நேர்க்குழாய். பிறகு, எங்கே திறப்பது என்ற கேள்வி வந்தது. எல்லோருக்கும் போலப் பின்னால் திறந்தால் யாருக்குத் தெரியும்? பின்சக்கரத்துக்கு முன்னால், பக்கவாட்டில் திறக்க வேண்டும். அதுவும் வலப்பக்கம். நடைபாதை அந்தப் பக்கம்தான். நடந்துபோகிற சனம் பார்க்க வேண்டாமா?

இதையெல்லாம் நான் எழுதிக் கொண்டுபோன தாளை ஓட் கண்ணாடி போட்டு வாசித்தார்.

"இந்த வண்டியில் என்ன ஏற்றுகிறாய்?"

சுகந்தி கேட்ட அதே கேள்வி. நோர்வீஜிய மொழியிலும் எனக்குப் பதில் வரவில்லை.

"நேர்க்குழாய் வீதிக்கு அனுமதி இல்லை. நான் பூட்ட மாட்டேன். குழாயின் வாய்க்குள்ளே சத்தமடக்கி வைத்தது ஒன்று இருக்கிறது. அதற்கு அனுமதி உண்டு. அடக்கியை ஓர் ஆணிதான் பிடித்துக்கொண்டிருக்கும். அதைக் கழற்றாதே" என்றார் அவர்.

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்குக் கேட்டது, "ஓர் ஆணிதான்" என்பது மட்டும்.

பூட்டி இரண்டாம் நாள், பியோர்ண்டால் வாகனத் தரிப்பிடத்தில் நானும் கார்த்திக்கும் குப்புறப் படுத்து அந்த ஆணியைக் கழற்றினோம். உள்ளேயிருந்து கையளவு உருளை ஒன்று வெளியே வந்தது. அதைச் சப்பாத்து அலமாரிக்குள் ஒளித்துவைத்தேன். பிறகு வண்டியை முடுக்கினேன். கார்த்திக் கண்ணை மூடிக்கொண்டு, சங்கீதக் கச்சேரியில் முன்வரிசையில் இருக்கிறவரைப் போலத் தலையாட்டினார். மூன்றாம் மாடி யன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. நான் அதை ரசிகர்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சத்தத்தை வர்ணிக்க வேண்டும். உறுமல் இல்லை. அடிவயிறும் இல்லை. தகரக் கூரையின்மேல் தண்ணீர்த் தொட்டியை இழுத்துக்கொண்டு போவது போலிருந்தது. நெடுஞ்சாலையில் எண்பதைத் தொட்டால், வண்டிக்குள்ளே ஓர் இரைச்சல் எழும்பிப் பற்களுக்குள் போய் நின்றுகொள்ளும். இறங்கி அரை மணித்தியாலம்வரை சுகந்தி பேசுவது எனக்குக் கேட்காது. (இதை மட்டும் ஆரம்பத்தில் ஒரு பயன் என்று நினைத்தேன்.)

பதினைந்து வயது மகள் மதுரா ஒரு கிழமை பொறுத்தாள். பிறகு, "அப்பா, என்னைப் பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு ஸ்டாப்புக்கு முன்னாலையே இறக்கிவிடுங்கோ. இது சரியான ஃப்ளௌட்" என்றாள். ஃப்ளௌட் என்றால் நோர்வீஜிய மொழியில் வெட்கக்கேடு. இங்கே பிறந்த பிள்ளைகள் அந்தச் சொல்லைப் பெற்றோருக்காகவே வைத்திருக்கிறார்கள்.

சுகந்தியின் அண்ணன் சிவபாலன் ஒருநாள் என்னோடு ஏறி வந்தார். அகதியாக வந்த காலத்தில், வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் மீன் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றவர். இறங்கியதும் காதுக்குள் விரலை விட்டுக் குடைந்துகொண்டு சொன்னார்: "மச்சான், ஆறு வருசம் மீன் வெட்டுற மெசினுக்குப் பக்கத்திலை நிண்டனான். அங்கைகூடக் காதுக்கு அடைக்கத் தந்தவங்கள்."

இவ்வளவுக்குப் பிறகும் எனக்கு உறைக்கவில்லை. பொறாமை என்று நினைத்தேன்.

அந்தச் சிவபாலனுடைய மகள் ஆரணிக்குத்தான் ஜூன் மாதம் கலியாணம். மாப்பிள்ளை கஜன், பேர்கனில் பிறந்து வளர்ந்த பொடியன், இயன்முறை மருத்துவர். மாப்பிள்ளையை அழைத்துவர வெள்ளை மின்சாரக் கார் ஒன்று ஒழுங்கு செய்திருந்தார்கள். நான் விடவில்லை.

"மாப்பிள்ளை வாறது சத்தமில்லாமல் வாறதோ மச்சான்? ஆரோ மருந்து குடுக்க வந்தமாதிரி இருக்கும். என்ரை பிக்அப்பைப் பூவாலை சோடிப்பம். எடுப்பா இருக்கும்" என்றேன்.

நம் கலியாணங்களில் ஒருவர் குதிரையில் வருவார், அடுத்தவர் அதைவிடப் பெரிய குதிரை தேடுவார். சிவபாலனுக்கு அந்த நோய் இல்லை. ஆனால் அவருடைய மனைவிக்குப் பூச்சோடனை என்ற சொல் பிடித்துவிட்டது. சரி என்றார்கள். அன்றிரவே சுகந்தி என்னை மறித்தாள்.

"சப்பாத்து அலுமாரிக்குள்ளை நீங்கள் ஒளிச்சு வச்சிருக்கிற சாமானை நான் கண்டனான். கலியாணத்துக்கு முதல் அதைத் திருப்பிப் பூட்டவேணும். எனக்குச் சத்தியம் பண்ணுங்கோ."

"ஓம், ஓம்."

"என்ன ஓம் ஓம்? அண்ணைக்கு அவள் ஒரே பொம்பிளைப் பிள்ளை. அவளின்ரை நாளிலை உங்கடை விளையாட்டு ஒண்டும் வேண்டாம்."

சத்தியம் செய்தேன். கலியாணத்தன்று காலை, அந்த உருளையைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே போகவும் செய்தேன். பிறகு பார்த்தால், வேட்டி கட்டியாயிற்று. பட்டு வேட்டியோடு வண்டிக்கடியில் எப்படிப் படுப்பது? (முதல்நாளே சாரத்தைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கலாம். அதை யோசிக்க வேண்டாம் என்று ஏற்கெனவே முடிவெடுத்திருந்தேன்.) உருளையை ஆசனத்துக்கடியில் போட்டேன். மெல்ல ஓட்டினால் யாருக்குக் கேட்கப்போகிறது என்று எனக்கு நானே சொன்னேன். ஏமாற்றுகிறவனுக்கும் ஏமாறுகிறவனுக்கும் ஒரே முகம் இருந்தால் வேலை எவ்வளவு சுலபம்!

மண்டபம் என்றது உண்மையில் ஒரு விளையாட்டு மண்டபம். கூடைப்பந்து வளையங்களைத் துணியால் மூடி மணவறை போட்டிருந்தார்கள். வளவு வாசலிலிருந்து மண்டப வாசல்வரை ஊர்வலம். முன்னால் ஜெர்மனியிலிருந்து வந்த நாதஸ்வரக் கலைஞரும் தவில்காரரும். பின்னால் பூச்சோடனையோடு என் பிக்அப். எனக்குப் பக்கத்தில் தலைப்பாகையும் பட்டும் மாலையுமாகக் கஜன்.

ஐம்பது மீற்றர் போவதற்குள் நாதஸ்வரக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். மூன்றாம் தடவை வாசிப்பதையே நிறுத்திவிட்டு, தவில்காரரின் காதுக்குள் ஏதோ கத்தினார். தவில்காரர் தன் காதைக் காட்டிக் கையை விரித்தார். அதற்குப் பிறகு அவர்கள் ஆளுக்கொரு தாளத்தில் வாசித்துக்கொண்டு போனதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். எனக்கு அப்போது எதுவும் கேட்கவில்லை. வீதியோரம் நின்ற சனம் காதைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கூட்டம் முழுவதும் என்னைப் பார்த்தது.

"மாமா, இது எப்பவும் இப்பிடியோ?" என்று கஜன் கத்தினான்.

"இது மெல்லப் போறது. மிதிச்சால்தான் சத்தம் தெரியும்!" என்று நானும் கத்தினேன், பெருமையாக.

வாசலில் நிறுத்தினேன். கஜன் வலப்பக்கக் கதவால் இறங்கிக் கதவைச் சாத்தினான். அங்கே ஆரணியின் அண்ணன் செம்புத் தண்ணீரோடு குனிந்து நின்றான், மாப்பிள்ளையின் காலைக் கழுவ. அவனுக்குப் பின்னால் ஆலாத்தி எடுக்கச் சுகந்தியும் இன்னொரு பெண்மணியும் தட்டோடு நின்றார்கள். தட்டில் வாழைப்பழத் துண்டுகளில் குத்திய மூன்று திரிகள் அழகாக எரிந்துகொண்டிருந்தன. சுகந்தி அன்றைக்குக் கட்டியிருந்தது சந்தன நிறச் சேலை. என்னைப் பார்த்தாள். அந்தச் சத்தத்திலேயே எல்லாம் விளங்கியிருக்கும். வாயைத் திறக்காமல் தலையை மட்டும் அசைத்தாள். நிறுத்துங்கோ என்று அர்த்தம்.

இந்த இடத்தில் எனக்காகச் சாட்சி சொல்ல ஒருவரும் இல்லை. வழுக்கிவிட்டது, கால் தவறிவிட்டது என்றெல்லாம் பின்னால் சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் நம்பவில்லை. நம்பாதது சரிதான். நான் வேண்டுமென்றேதான் மிதித்தேன். மாப்பிள்ளைக்கு ஒரு மரியாதை வேட்டு மாதிரி. ஒரேயொரு தரம். அடிவரை.

மாதக்கணக்காகப் பெரும்பாலும் கடைக்கும் வீட்டுக்கும் ஓடிய பழைய டீசல் வண்டி. குழாய் முழுவதும் கரி அப்பியிருந்தது. அதைத் தடுக்க வாயில் இருந்திருக்க வேண்டிய ஒரே சாமான் என் ஆசனத்துக்கடியில் கிடந்தது. குழாயின் வாய், கஜனின் முழங்காலுக்கு நேரே.

சத்தம் வந்தது. அதோடு, ஓர் ஆள் உயரத்துக்குக் கறுப்பாக ஒன்று வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளை இல்லாமல் போனார். செம்பு இல்லாமல் போனது. சுகந்தி இல்லாமல் போனாள். பிறகு காற்று அடித்து, ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள், வேறு நிறத்தில்.

இயந்திரத்தை நிறுத்தினேன். அந்த நாளில் முதல் தடவையாக அமைதி. ஆலாத்தித் தட்டில் மூன்று திரியும் அணைந்து, மெல்லிய புகை விட்டுக்கொண்டிருந்தன. சுகந்தியின் முகத்தில் இரண்டு கண்கள் மட்டும் வெள்ளையாக இருந்தன. இரண்டும் என்னைத்தான் பார்த்தன.

கஜனின் அம்மாதான் முதலில் பேசினார். "ஆலாத்தி அணைஞ்சு போச்சு. வாசலிலையே அணைஞ்சு போச்சு. இது நல்லதுக்கில்லை. தம்பி, வா, திரும்பிப் போவம்."

சிவபாலன் ஓடிவந்தார். ஆறு வருடம் மீன் மெசினோடு நின்ற மனிதர், என்னைப் பார்க்கக்கூட இல்லை. அந்த அம்மாவின் முன்னால் கைகளைக் கூப்பிக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து ஐயர் கடிகாரத்தைப் பார்த்தபடி வந்து, "முகூர்த்தம் முடிய இன்னும் இருபத்தைஞ்சு நிமிசம்தான் இருக்கு. என்ன செய்யப்போறியள்?" என்றார். மண்டபக் கண்ணாடிக்குப் பின்னால் ஆரணி, முழுச் சோடனையோடு, இரண்டு கைகளையும் கண்ணாடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றாள். அவளைக் கண்டபோதுதான் எனக்கு உறைத்தது. இது என்னோடு நிற்கிற கேலி இல்லை. ஒரு பிள்ளையின் கலியாணம் என் காலுக்கடியில் கிடக்கிறது.

கஜன் சால்வையால் கண்ணைத் துடைத்தான். இருமினான். பிறகு சொன்னான்:

"அபசகுனம் இல்லையம்மா. டீசல்."

தலைப்பாகையைக் கழற்றி ஒருமுறை உதறினான்.

"உள்ளுக்கை குளிக்கிற இடம் இருக்கு. விளையாட்டு மண்டபம்தானே. பத்து நிமிசம் தாங்கோ" என்றான். பிறகு என் பக்கம் திரும்பினான். "மாமா, வேட்டியைத் தாங்கோ."

"எந்த வேட்டி?"

"நீங்கள் கட்டியிருக்கிறதை. இஞ்சை நிண்ட ஆம்பிளையளிலை வெள்ளையா இருக்கிறது நீங்கள் ஒராள்தான்."

உண்மை. புகை வந்தபோது அந்த வாசலில் இருந்தவர்களில் ஒரு பொட்டுக் கரியும் படாத ஒரே ஆள் நான். உயர்ந்த ஆசனத்தில், கண்ணாடிகளை மூடிக்கொண்டு இருந்தவன்.

பந்தாட்டக்காரர்கள் உடை மாற்றுகிற அறையில், நீள வாங்கில் வரிசையாக இருந்து மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, நான் வேட்டியை அவிழ்த்தேன். உள்ளே கஜன் குளிக்கிற சத்தம். கறுப்புத் தண்ணீர் கதவுக்கடியால் ஓடிவந்தது. அவன் என் வேட்டியைக் கட்டி, என் சால்வையைப் போட்டு, தலைப்பாகையை உள்பக்கம் வெளியாகத் திருப்பிச் சுற்றிக்கொண்டு போனான். வாசலில் சிவபாலனின் மனைவி புதிதாகத் திரி குத்திக் கொளுத்தி, ஆலாத்தியை முதலிலிருந்து எடுத்தார். கஜனின் அம்மா அந்தத் திரிகளையே கண்வெட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றாராம். அவை நின்று எரிந்தன. ஆரணியின் கழுத்தில் தாலி ஏறியபோது முகூர்த்தம் முடிய இரண்டு நிமிடம் இருந்தது.

எனக்குக் கட்ட ஒரே ஒரு வேட்டிதான் மிச்சம் இருந்தது. மாப்பிள்ளையுடையது. கரை எது, கரி எது என்று தெரியாத அந்தப் பட்டு வேட்டியோடு, நான்கு மணித்தியாலம், முந்நூறு பேருக்கு நடுவில் இருந்தேன். என் இரண்டு பக்கத்துக் கதிரைகளிலும் ஒருவரும் இருக்கவில்லை. பந்தியில் சோறு போட்டவர்கூடக் கரண்டியைத் தூரத்திலிருந்து நீட்டினார். மதுரா ஒருமுறை கடந்து போனாள். ஃப்ளௌட் என்றுகூடச் சொல்லவில்லை. அந்தச் சொல் போதாமல் போயிருக்க வேண்டும்.

கடைசியில் சிவபாலனிடம் போனேன். "மச்சான், மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன். அவர் என் வேட்டியைப் பார்த்தார்.

"கலியாணம் நடந்திட்டுது. அதுதான் உங்களோடை கதைக்கிறன்" என்றார். "நடக்காமல் விட்டிருந்தால்..." தோளில் தட்டிவிட்டுப் போனார். அடித்திருந்தால் நோவு குறைவாக இருந்திருக்கும்.

சுகந்தி பன்னிரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பதின்மூன்றாம் நாள் பேசினாள். பேசாத நாட்களே நல்லது என்று தோன்றியது.

ஓட்டிடம் வண்டியைக் கொண்டுபோய், உருளையைக் கையில் கொடுத்து, "இதை உள்ளே வைத்துப் பற்றவைத்துவிடுங்கள். இனிக் கழற்றவே முடியாதபடி" என்றேன். அவர் என்ன நடந்தது என்று கேட்கவில்லை. மூச்சை உள்ளே இழுத்து, "யா" என்றார். நோர்வேக்காரர் அப்படி மூச்சை இழுத்தால் முழுக் கதையும் விளங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த ஆடி மாதமே வண்டியை விற்றேன். வாங்கியவர் முதல்நாளே அதில் செம்மறியாடுகளை ஏற்றிக்கொண்டு போனார். கார்த்திக் மட்டும் துக்கம் விசாரித்தார். "நல்ல சவுண்டுண்ணா" என்றார். அவரோடு இப்போதும் சாப்பாட்டு வேளையில் ஒரே மேசையில்தான் இருக்கிறேன். ஆனால் அவர் சொல்கிற எதையும் குறிப்பெடுப்பதில்லை.

நடந்து எட்டு வருடமாகிறது. ஆரணிக்கும் கஜனுக்கும் இரண்டு பிள்ளைகள். என் வேட்டி இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது. கேட்க எனக்கு முகமில்லை. எங்கள் குடும்பத்தில் எந்தக் கொண்டாட்டம் நடந்தாலும், என்னைக் கண்டதும் ஆலாத்தித் தட்டோடு நிற்கிற பெண்கள் சேலைத் தலைப்பை இழுத்துத் திரிகளை மறைத்துக்கொள்வார்கள். நான் கடந்து போனபிறகுதான் எடுப்பார்கள். முதலில் சிரித்துக்கொண்டு செய்தார்கள். இப்போது சிரிப்பதுகூட இல்லை. அதுபாட்டுக்கு நடக்கிறது.

போன மாதம் சொந்தத்தில் ஒரு சாமத்தியவீடு, பூப்புனித நீராட்டு விழா. ரயிலில் வந்து, மழையில் குடை பிடித்து நடந்து போனேன். வாசலில் தட்டோடு நின்றவள் புதிதாகக் கலியாணம் முடித்து எங்கள் குடும்பத்துக்கு வந்த பெண், மதுரைக்காரி. என்னை அதற்கு முன் கண்டதில்லை. பக்கத்தில் நின்றவள் காதுக்குள் ஏதோ சொல்ல, அவள் பதறிப்போய் முந்தானையால் தட்டை மறைத்துக்கொண்டாள். நான் பக்கத்தில் வந்ததும் மரியாதையாகக் கேட்டாள்:

"நீங்க வந்தா விளக்க மறைக்கணும்னு சொன்னாங்க, மாமா. இது உங்க யாழ்ப்பாணத்துச் சம்பிரதாயமா?"

"ஓம் பிள்ளை" என்றேன். "மிகப் பழைய சம்பிரதாயம்."